கைகளின்மீது கட்டிய நகரம்

(படிப்பக ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



படிப்பகத்தின் ஆண்டு விழாவிலே பேச அழைத்தீர்கள். எதைப் பற்றி என்று கேட்டேன். "உங்கள் விருப்பம்" என்றீர்கள். பேச்சாளனிடம் அப்படிச் சொல்வது எவ்வளவு ஆபத்தானது என்பதை இன்று மாலை உணரப்போகிறீர்கள்! உங்களை நெடுந்தொலைவு அழைத்துச் செல்ல எண்ணியிருக்கிறேன். கப்பல் கட்டணம் இல்லை, கடவுச்சீட்டு வேண்டாம். ஆனால் கையிலே ஒரு நூல் வேண்டும். அந்த நூல் இல்லாமல் அந்த ஊரைப் பார்த்துவிட்டு வருகிறவன், போகாமல் வீட்டிலிருந்தவனைவிட அறியாதவனாகத் திரும்புவான்.

ஊர், பிரசல்ஸ். பெல்ஜியம் நாட்டின் தலைநகர்.

இன்று நம்மவர் பலர் அயல்நாடு சென்று வருகிறார்கள். மகன் அங்கே பணிபுரிகிறான், மகள் அங்கே படிக்கிறாள், பெற்றோர் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள். மகிழ்ச்சி! ஊர் பார்ப்பது நல்லது, வரவேற்கிறேன். ஆனால் திரும்பி வந்து, எடுத்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, "ஆகா, எப்படிப்பட்ட நகரம்! எப்படிப்பட்ட மாளிகைகள்! நாமும் இருக்கிறோமே!" என்று ஒரு பெருமூச்சு விடுகிறார்களே, அந்தப் பெருமூச்சைப் பற்றித்தான் நான் பேச வந்தேன்.

படங்களைப் பாருங்கள். ஐம்பதாண்டுப் பூங்கா என்று பெயர் பூண்ட பெரும் பூங்கா. அதன் நடுவே மூன்று வாயில்கள் கொண்ட வானளாவும் வளைவு; உச்சியிலே குதிரைகள் பூட்டிய வெண்கலத் தேர். நாடு தனியரசான 75ஆம் ஆண்டைக் கொண்டாட, 1905இல் முடிக்கப்பட்டது. அரண்மனைப் பக்கத்திலே குதிரைமீது அமர்ந்த மன்னனின் சிலை; அது 1926இல் வைக்கப்பட்டது. நகருக்கு வெளியே டெர்வூரன் என்னுமிடத்தில், பிரெஞ்சு மன்னர்களின் அரண்மனையோ என்று மயங்கச் செய்யும் அருங்காட்சியகம், 1910இல் திறந்தார்கள். கடற்கரை ஊரான ஆஸ்டெண்டிலே, மழையில் நனையாமல் சீமான்கள் உலவுவதற்கென்றே கட்டப்பட்ட நீண்ட தூண் வரிசை. இவற்றுக்கெல்லாம் காரணமானவர் ஒருவரே என்பார் வழிகாட்டி. மன்னர் இரண்டாம் லியோபோல்டு! "கட்டிய மன்னர்" என்றே அந்நாட்டில் அவருக்குப் பட்டப்பெயர்.

கட்டியவர் மன்னர். சரி. காசு யாருடையது?

இந்தக் கேள்வியை வழிகாட்டியிடம் கேட்டுப் பயனில்லை, தோழர்களே. இதற்கு விடை ஏட்டிலே இருக்கிறது. ஆடம் ஹோக்ஷீல்டு என்னும் அமெரிக்கர் 1998இல் வெளியிட்ட "மன்னர் லியோபோல்டின் ஆவி" என்ற நூலை எடுத்துக்கொள்ளுங்கள். ஆவி என்றதும் பேய்க்கதை என எண்ணிவிடாதீர்கள். பேய்க்கதையில் வரும் பேய்கள் இவ்வளவு கொடுமை செய்வதில்லை.

பெல்ஜியம் சிறிய நாடு. மன்னருக்கோ பேராசை. ஆப்பிரிக்காவைக் கூறுபோட்டுக்கொள்ள 1884-85இல் பெர்லின் நகரிலே ஐரோப்பிய வல்லரசுகள் மாநாடு கூட்டின. ஆப்பிரிக்கர் ஒருவர்கூட அழைக்கப்படவில்லை. வீட்டுக்காரனை வெளியே நிறுத்திவிட்டு வீட்டை ஏலம் போட்ட மாநாடு அது! அந்த ஏலத்திலே, அடிமை வாணிகத்தை ஒழிப்பேன், நாகரிகம் பரப்புவேன் என்று நாமணக்கப் பேசி, காங்கோ ஆற்று நிலத்தின் பெரும்பகுதியை லியோபோல்டு பெற்றுக்கொண்டார். பெல்ஜியத்தைப்போல் 75 மடங்குக்கும் மேற்பட்ட நிலப்பரப்பு! அதுவும் பெல்ஜியம் நாட்டுக்கு அன்று, தமக்கு. தனி மனிதரின் சொந்தச் சொத்தாக ஒரு நாடு! பெயர் என்ன தெரியுமா? "காங்கோ சுதந்திர நாடு". பெயர் வைப்பதிலே ஏகாதிபத்தியத்துக்கு ஈடு இணை கிடையாது. அந்த நாட்டில் மன்னர் தம் வாழ்நாளில் ஒருமுறைகூடக் காலடி வைத்ததில்லை.

முதலில் தந்தம். பிறகு ரப்பர். 1888இல் டன்லப் என்பவர் காற்றடைத்த டயரைச் செய்துகாட்டினார். மிதிவண்டியும் மோட்டாரும் உலகெங்கும் ஓடத் தொடங்கின. ரப்பருக்கு விலை ஏறிற்று. காங்கோக் காட்டிலே ரப்பர் கொடி தானாக வளர்ந்து கிடந்தது. நட வேண்டாம், நீர் பாய்ச்ச வேண்டாம். ஏறிப் பாலெடுக்க ஆள்தான் வேண்டும். கூலி கொடுத்தால் ஆள் வரும். கூலி கொடுத்தால் இலாபம் குறையும். ஆகவே வேறு வழி கண்டார்கள். ஊருக்குள் புகுந்து பெண்களைப் பிடித்துக் கட்டிவைத்தார்கள். ஆண்கள் குறித்த எடை ரப்பர் கொண்டுவந்து கொட்டினால்தான் விடுவார்கள். மறுத்த ஊரின்மீது படை பாய்ந்தது. படைவீரனுக்குக் கொடுத்த தோட்டாவை அவன் வேட்டையாடி வீணாக்கிவிடக் கூடாதல்லவா? ஆகையால், செலவழித்த ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஒரு வலக்கை கொண்டுவந்து காட்டவேண்டும் என்று கணக்கு வைத்தார்கள். தோட்டாவை வேறு வகையில் செலவிட்டவன், உயிரோடிருப்பவனின் கையை வெட்டிக் கணக்கைச் சரிக்கட்டினான்.

மாண்டவர் எத்தனை பேர்? மக்கள்தொகை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது, ஒரு கோடி உயிர் குறைந்திருக்கும் என்ற மதிப்பீட்டை ஹோக்ஷீல்டு ஏற்கிறார். கொலை, பசி, நோய், பிறப்புக் குறைவு எல்லாம் சேர்ந்த தொகை அது. அந்நாளில் குடிக்கணக்கு எடுக்கப்படவில்லை. ஆகையால் தொகையைப் பற்றி ஆய்வாளரிடையே கருத்து வேற்றுமை உண்டு. மேடையிலே எண்ணை முழக்குகிற தோழர்கள் இதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். எதிரி நம் எண்ணிலே ஒரு பிழை கண்டால், நம் வழக்கையே பொய் என்பான்.

இனி, இந்தக் கொடுமை வெளிவந்த கதை. இதைச் சற்று விரிவாகவே சொல்லப்போகிறேன். நம்முடைய படிப்பகத்துக்கு இதிலே பாடம் இருக்கிறது.

ஆண்ட்வெர்ப், பெல்ஜியத்தின் பெருந்துறைமுகம். 1890களின் பிற்பகுதியில் லிவர்பூல் கப்பல் கம்பெனி ஒன்றின் எழுத்தர், எட்மண்டு மோரெல் என்னும் இளைஞர், அடிக்கடி அங்கே வந்துபோவார். புரட்சிக்காரர் அல்லர், எந்தக் கட்சியிலும் அன்று இல்லை. பிரெஞ்சு மொழி தெரியும் என்பதற்காகக் கம்பெனி அவரை அனுப்பிற்று. வேலை என்ன? காங்கோவிலிருந்து வரும் கப்பலில் என்ன இறங்குகிறது, போகும் கப்பலில் என்ன ஏறுகிறது என்று கணக்கைச் சரிபார்ப்பது. அவ்வளவே.

வந்த கப்பல்களில் மலைமலையாக ரப்பர், தந்தம். போன கப்பல்களில் என்ன? வாணிகம் என்றால், வாங்குகிறவன் விற்கிறவனுக்கு ஏதேனும் கொடுத்தாகவேண்டும். துணியோ, உப்போ, பாத்திரமோ, பணமோ! ஏற்றுமதிப் பட்டியலை மோரெல் பார்க்கிறார். துப்பாக்கி. தோட்டா. மீண்டும் துப்பாக்கி, தோட்டா. விற்பனைக்குரிய பொருள் மிகமிகக் குறைவு. காங்கோவைக் கண்ணால் காணாத அந்த எழுத்தர், மேசையருகே அமர்ந்தபடியே, இரண்டு பத்திகளை எதிரெதிரே வைத்துப் பார்த்து முடிவுக்கு வந்தார்: இது வாணிகம் அன்று. விலை கொடாமல் பொருள் வருகிறதென்றால், பொருள் தருகிறவன் அடிமை.

அந்தக் கணக்கு ஏடுகளை எத்தனையோ எழுத்தர்கள் பார்த்திருப்பார்கள், தோழர்களே! கூட்டல் சரியா, கழித்தல் சரியா என்று பார்த்து மூடிவைத்திருப்பார்கள். மோரெல் படித்தார். 1901இல் வேலையை உதறினார். 1903இல் இதழ் தொடங்கினார். 1904இல் காங்கோ சீர்திருத்தச் சங்கம் கண்டார். 1906இல் "சிவப்பு ரப்பர்" என்ற நூலை எழுதினார். பின்னாளிலே முதல் உலகப் போரை எதிர்த்ததற்காக 1917இல் சிறை புகுந்தார். 1922 தேர்தலில் டண்டி தொகுதியிலே தொழிற்கட்சி வேட்பாளராக நின்று வென்றார். அங்கே தோற்றவர் யார் தெரியுமா? வின்ஸ்டன் சர்ச்சில்! (கைதட்டுகிறீர்கள், அந்த மனிதர் கைதட்டலுக்கு உரியவர்தாம்.)

அவர் ஒருவர்மட்டும் அல்லர். அவருக்கு முன்பே, 1890இல், ஜார்ஜ் வாஷிங்டன் வில்லியம்ஸ் என்னும் கருப்பின அமெரிக்கர் காங்கோ சென்று கண்டு, மன்னருக்கே திறந்த கடிதம் எழுதினார். அடுத்த ஆண்டே நோயால் மறைந்தார். ரோஜர் கேஸ்மெண்டு என்னும் ஐரிஷ்காரர், பிரிட்டிஷ் அரசின் தூதராக உள்நாட்டில் பயணம் செய்து 1904இல் அறிக்கை தந்தார். தம் தாயகமாம் அயர்லாந்தின் விடுதலைக்குப் பாடுபட்டதற்காக அதே பிரிட்டிஷ் அரசால் 1916இல் தூக்கிலிடப்பட்டார். ஆலிஸ் ஹாரிஸ் என்னும் மாது 1904இல் எடுத்த ஒரு புகைப்படம் உலகை உலுக்கிற்று. தந்தை ஒருவர் திண்ணையில் அமர்ந்திருக்கிறார். எதிரே, அவருடைய ஐந்து வயது மகளின் வெட்டுண்ட கையும் காலும். அதைப் பற்றி மேலே சொல்ல எனக்கு நா எழவில்லை.

வில்லியம் ஷெப்பர்டு என்ற கருப்பினப் பாதிரியாரையும் குறிப்பிடவேண்டும். ரப்பர் கம்பெனியின் கொடுமையை எழுதியதற்காக அவர்மீது கம்பெனி அவதூறு வழக்குத் தொடுத்தது. 1909இல் காங்கோவிலேயே விசாரணை. அவருக்காக வழக்காடக் கடல் கடந்து வந்த வழக்கறிஞர் யார்? பெல்ஜியம் நாட்டவரே! அந்நாட்டுச் சோஷலிஸ்டுக் கட்சியின் தலைவர் எமில் வாண்டர்வெல்டே. கட்டணம் வாங்காமல் வந்தார், வழக்காடினார், வென்றார். நாம் பார்த்தோமே அந்தப் பூங்கா வளைவு, அதனை மக்கள் ஒருநாள் "வெட்டுண்ட கைகளின் வளைவு" என்று அழைப்பர் எனச் சொன்னவரும் அவரே. மன்னரைக் கண்டிக்கிறோம், மக்களைப் பகைக்கவில்லை. இந்த வேறுபாடு நம் தோழர்களின் உள்ளத்திலே ஆழப் பதியவேண்டும்.

கண்டனம் முற்றியது. 1908இல் காங்கோவைப் பெல்ஜிய அரசிடம் ஒப்படைக்க மன்னர் இசைந்தார். இலவசமாக அன்று, விலை பெற்றுக்கொண்டு! ஒப்படைக்குமுன் அவர் செய்த ஒரு காரியம் கேளுங்கள். அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில், பிரசல்ஸ் அரண்மனைக்கருகே இருந்த அலுவலகத்தின் அடுப்புகள் எட்டு நாட்கள் இடைவிடாமல் எரிந்தன. கோடைக்காலத்திலே குளிர்காய்வாரா யாரும்? எரிந்தவை காங்கோ ஆட்சியின் ஏடுகள்! ஆயிரமாயிரம் மக்களைக் கொன்றபோது கலங்காதவர், காகிதத்தைக் கண்டு கலங்கினார்.

அந்த நெருப்பு பலிக்கத்தான் செய்தது. ஒரு சான்று தருகிறேன். ஜூல்ஸ் மார்ஷால் என்பவர் பெல்ஜிய அரசின் தூதராக 1970களில் மேற்கு ஆப்பிரிக்காவிலே இருந்தார். முன்னர்க் காங்கோவிலேயே அதிகாரியாகப் பணியாற்றியவர். அங்கே ஒரு நாளிதழ், லியோபோல்டு ஆட்சியில் ஒரு கோடிப் பேர் மடிந்தனர் என்று போகிற போக்கில் எழுதியது. தூதருக்குச் சினம்! அவதூறு என எண்ணினார். மறுப்பு எழுத விவரம் வேண்டுமென்று பிரசல்ஸுக்கு எழுதினார். விவரம் வரவில்லை. தாமே தேடத் தொடங்கினார். அரசின் ஆவணங்களைப் பார்க்க அரசின் தூதருக்கே அனுமதி இல்லை! ஓய்வு பெற்றபின்பும் விடாமல் தேடி, மறுப்பு எழுதப் புறப்பட்டவர் அந்தக் கொடுமைகளைப் பற்றித் தொகுதி தொகுதியாக எழுதி முடித்தார். பெல்ஜியத்திலே பிறந்து, பள்ளியிலே படித்து, காங்கோவிலே பணிபுரிந்து, தூதராகவும் உயர்ந்த ஒருவருக்கே அதுவரை தெரியாது! இரண்டு நாள் சுற்றுலா சென்று திரும்பும் நம்மவருக்குத் தெரியாததில் வியப்பென்ன?

இப்பொழுது, நூலைக் கையில் வைத்துக்கொண்டு, மீண்டும் அந்நகருக்குப் போவோம்.

குதிரைமீது அமர்ந்திருக்கிறாரே மன்னர், அச்சிலையின் அடியிலே ஒரு குறிப்பு உண்டு. சிலைக்கான செம்பும் வெள்ளீயமும் காங்கோவிலிருந்து வந்தவை, கட்டாங்காச் சுரங்கக் கம்பெனி அன்பளிப்பாகத் தந்தவை என்று. கொடுத்தவன் பெயர் இருக்கிறது. தோண்டியவன் பெயர்?

டெர்வூரன் செல்வோம். அருங்காட்சியகம் எழுமுன்னர், 1897இல், அவ்விடத்தில் ஒரு பொருட்காட்சி நடந்தது. காட்சிப்பொருள் என்ன? மனிதர்! காங்கோவிலிருந்து 267 ஆண், பெண், குழந்தைகளைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து, குடிசை போட்டு அமர்த்தி, சீமான்களும் சீமாட்டிகளும் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தார்கள். குளிரும் நோயும் தாங்காமல் எழுவர் மாண்டனர். ஏகியா, கிடுக்வா, மிபாங்கே... எழுவரின் கல்லறைகளும் அவ்வூர்த் தேவாலயத்தின் பக்கத்திலே இன்றும் உள்ளன. அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்களில் எத்தனை பேர் அங்கே நடந்து செல்கிறார்கள்?

ஆண்ட்வெர்ப் நகரச் சதுக்கத்திலே ஒரு வீரன் வெட்டுண்ட கையொன்றை வீசி எறிவதுபோலச் சிலை இருக்கிறது. ஆற்றில் வருவோரிடம் வரி பறித்து, தராதவர் கையை வெட்டிய அரக்கனை அவ்வீரன் கொன்று, அவன் கையை வெட்டி எறிந்தானாம், பழங்கதை. கை வடிவிலே இனிப்பும் விற்கிறார்கள். கதை காங்கோவுக்குப் பல நூற்றாண்டு முந்தியது. அதனோடு இதனை முடிச்சுப் போடுவது நேர்மையாகாது. ஆனால் அச்சிலை நிறுவப்பட்ட ஆண்டு 1887; லியோபோல்டு காங்கோவைக் கைப்பற்றிய இரண்டாண்டு கழித்து! வரி தராதவன் கையை வெட்டியவன் அரக்கன் என்று ஊர் நடுவே சிலை வைத்தார்கள். அதே துறைமுகத்திலே ரப்பர் வந்து இறங்கிற்று. அந்தச் சிலையைக் கடந்துதானே மோரெலும் நடந்திருப்பார்!

ஆஸ்டெண்டிலும் ஒரு சிலை. 1931இல் வைத்தது. மேலே மன்னர், கீழே, அவருக்கு நன்றி சொல்லி நிமிர்ந்து நோக்கும் காங்கோ மக்கள். 2004இல், அந்த மக்கள் உருவங்களில் ஒன்றின் கையை உள்ளூர் இளைஞர் சிலர் இரவோடிரவாக அறுத்துச் சென்றுவிட்டனர். விளக்கம் வேண்டுமா? பார்க்கிறவனுக்கு அந்தக் கை இல்லாத மணிக்கட்டே விளக்கம்.

உடனே ஒரு தோழர் கேட்பார்: சிலைகளை இடித்துத் தள்ளவேண்டியதுதானே என்று. 2020இல் ஆண்ட்வெர்ப் அருகே லியோபோல்டு சிலை ஒன்று அகற்றப்பட்டது, நான் வருந்தவில்லை. நம் சென்னையிலும் அது நடந்ததுண்டு. 1857 எழுச்சியை அடக்குகையில் வட இந்தியாவில் கொடுமை புரிந்த நீல் துரைக்கு மவுண்ட் ரோடிலே, இன்றைய அண்ணா சாலையிலே, சிலை இருந்தது. 1927இல் இளைஞர்கள் போராடிச் சிறை சென்றனர். 1937இல் சிலை சாலையை விட்டு அகன்றது. நல்லதே. ஆயினும் இன்று அச்சாலையில் போகிறவர்களைக் கேளுங்கள், நீல் யார் என்று. பத்துப் பேரில் ஒருவர் சொன்னால் வியப்பேன். சிலை போயிற்று, ஏடும் படிக்கவில்லை, விளைவு, மறதி. லியோபோல்டின் அடுப்பு எட்டு நாளில் செய்ததை நாம் அடுப்பே மூட்டாமல் செய்துகொள்கிறோம்.

இன்னொரு கேள்வியும் வரும். "எந்தப் பேரரசுதான் பிறர் உழைப்பால் எழவில்லை? நம் மன்னர்கள் கட்டியவை மட்டும்?" நியாயமான கேள்வி. கேட்கத்தான் வேண்டும். பிரசல்ஸ் வளைவைப் பார்த்துக் கேட்கக் கற்றவன், தன் ஊர்க் கோட்டை வாயிலிலும் அதே கேள்வியைக் கேட்பான், கேட்கட்டும்.

ஏடு என்ன செய்துவிடும், காகிதந்தானே என்பாருக்கு ஒன்று சொல்வேன். 1960 ஜூன் 30, காங்கோவின் விடுதலை நாள். பெல்ஜிய மன்னர் போதுவான் விழாமேடையிலேயே லியோபோல்டின் மேதைமையைப் புகழ்ந்தார். நிகழ்ச்சி நிரலில் பெயரில்லாத பிரதமர் லுமும்பா எழுந்தார். அடியும் உதையும் இழிசொல்லும் பட்ட கதையை மன்னரின் முகத்துக்கு நேரே சொன்னார். ஏழு திங்கள்கூட அவரை வாழவிடவில்லை. 1961 ஜனவரி 17இல் கட்டாங்காவில் சுட்டுக் கொன்றார்கள். உடலைத் துண்டாடி அமிலத்தில் கரைத்தார்கள். கல்லறைகூட இருக்கக் கூடாதாம்!

கொன்றது காங்கோக்காரர்களே, எங்களுக்குத் தொடர்பில்லை என்றது பெல்ஜியம். நாற்பதாண்டுக்காலம் அப்படியே சொல்லிவந்தது. 1999இல் லூடோ டி விட்டே என்னும் பெல்ஜியர் ஒரு நூல் வெளியிட்டார். அரசு ஆவணங்களைத் துருவி, பெல்ஜிய அதிகாரிகளின் பங்கை வரிசைப்படுத்திக் காட்டினார். நாட்டிலே கொந்தளிப்பு! நாடாளுமன்றம் விசாரணைக் குழு அமைத்தது. அரசுக்கு அறம்சார்ந்த பொறுப்பு உண்டு என்று குழு கூறிற்று. 2002இல் அரசு மன்னிப்புக் கேட்டது. உடலைக் கரைக்கும் வேலையில் ஈடுபட்ட பெல்ஜியப் போலீசுக்காரர் நினைவுப்பொருளாக எடுத்து வைத்திருந்த ஒரே ஒரு பல், 2022 ஜூனில் லுமும்பாவின் மக்களிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒரு பல்! அதனைப் பேழையில் வைத்து, நாடு நெடுகச் சுமந்து சென்று அடக்கம் செய்தது காங்கோ.

முழு நியாயம் கிடைத்துவிட்டதென எண்ணாதீர்கள். 2020இல் மன்னர் பிலிப் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார். மன்னிப்பு என்ற சொல்லைத் தவிர்த்தார். குடியேற்ற ஆட்சிக்காக மன்னிப்புக் கேட்பதா என்று ஆராய்ந்த நாடாளுமன்றக் குழு, 2022 இறுதியில் உடன்பாடு காணாமல் கலைந்தது. மன்னிப்பு என்றால் ஈட்டுத்தொகை கேட்பார்களே என்ற அச்சம்! மீண்டும் கணக்கு!

டெர்வூரன் அருங்காட்சியகத்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டேன். காங்கோவில் உயிர்நீத்த 1508 பெல்ஜியரின் பெயர்கள் அங்கே ஒரு கூடத்தின் சுவரிலே பொறிக்கப்பட்டுள்ளன. காங்கோக்காரர் பெயர் ஒன்றும் அதில் இல்லை. ஐந்தாண்டு மூடிப் புதுப்பித்து 2018 டிசம்பரில் திறந்தபோது, பிரெடி சிம்பா என்னும் காங்கோக் கலைஞர் எதிரேயுள்ள சாளரக் கண்ணாடிகளில், 1897இல் மாண்ட எழுவரின் பெயர்களை எழுதினார். வெயில் அடிக்கும்போது அப்பெயர்களின் நிழல், சுவரிலுள்ள அந்தப் பெயர்களின்மீது விழுகிறது. போகிறவர்கள் வெயில் நேரம் பார்த்துப் போங்கள்.

தோழர்களே, ஹோக்ஷீல்டின் நூலை இன்று இந்தப் படிப்பகத்துக்குக் கொண்டுவந்திருக்கிறேன், ஆங்கிலப் பதிப்பு. இங்கே ஆங்கிலம் பயின்ற தோழர்கள் பலர் இருக்கிறீர்கள். ஆளுக்கு ஓர் அத்தியாயம் எடுத்துக்கொள்ளுங்கள். படித்துவந்து ஞாயிறுதோறும் மாலையிலே மற்றவர்களுக்குத் தமிழில் எடுத்துச் சொல்லுங்கள். மோரெல் கணக்கு ஏட்டைப் பார்க்கும் பகுதியை நானே சொல்ல விரும்புகிறேன். அதை எனக்கு விட்டுவிடுங்கள். பெயர் கொடுக்க விரும்புவோர், கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் எழுதிவிட்டுச் செல்லுங்கள்.